கடல் தெரியும் கண்ணாடியும் 105 யூனிட்டும்

நிலைத்த கட்டடக்கலை என்று யார் விளக்கப்படம் போட்டுக் காட்டினாலும் பத்தாவது படத்துக்குள் சுவீடனின் மால்மோ நகரம் வந்துவிடும். கடலோரம் மரப்பலகைப் படிகள். அதில் வெயில் காயும் ஜனங்கள். பின்னால் வெளிர்நிறத்தில் ஐந்தாறு மாடிக் குடியிருப்புகள். அதற்கும் பின்னால் துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி ஒரு கோபுரம். கீழே ஒரு வரி: நூறு சதவீதம் உள்ளூரில் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல். அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். நானும் வகுப்பில் இரண்டு மூன்று வருஷம் அப்படித்தான் போயிருக்கிறேன். இப்போது அந்த ஒரு வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த வரி பொய் இல்லை. ஆனால் அந்தக் கட்டடங்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

படத்தில் இருக்கும் இடத்தின் பெயர் போ01. 2001-இல் நடந்த ஐரோப்பிய வீட்டுவசதிக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது, அதனால் 01. சுவீடிஷில் 'போ' என்றால் குடியிரு என்று பொருள். நமக்கு நேர் எதிர். இந்த வேடிக்கையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் துறைமுகம் என்ற அந்தப் பகுதி இயற்கையான கரை இல்லை. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம் அங்கேதான் இருந்தது. அது படுத்த பிறகு சாப் கார்த் தொழிற்சாலை ஒன்று வந்தது, ஒன்றிரண்டு வருஷத்திலேயே அதுவும் மூடப்பட்டது. ஊருக்கே அடையாளமாக நின்ற 138 மீட்டர் உயரப் பாரந்தூக்கியைக் கடைசியில் ஒரே ஒரு டாலருக்குத் தென்கொரியாவின் ஹூண்டாய் வாங்கியது. 2002-இல் கழற்றி உல்சானுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மால்மோவின் கண்ணீர்'. வேலை போன ஊர், எண்ணெயும் உலோகமும் ஊறிய மண், கையில் ஒரு கடற்கரை. நகரசபை கடற்கரையை நம்பியது. 2000-இல் ஓரசுண்ட் பாலம் திறந்து, கோபன்ஹேகன் அரைமணி நேர ரயில் தூரத்துக்கு வந்ததும் அந்த நம்பிக்கைக்குத் தோதாக அமைந்தது.

இனி அந்த நூறு சதவீதம். அதன் பொறியியல் உண்மையிலேயே அழகானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மால்மோவின் அடியில் சுண்ணாம்புப் பாறை, அதன் வெடிப்புகளில் நீர். கோடையின் வெப்பத்தைக் கிணறுகள் வழியாக அந்தப் பாறைநீரில் இறக்கி வைக்கிறார்கள், குளிர்காலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்தின் குளிரையும் அதேபோல் சேமித்துக் கோடையில் எடுக்கிறார்கள். நடுவே வேலை செய்வது ஹீட் பம்ப். நம் வீட்டு ஏ.சி.யைத் திருப்பிப் போட்டது மாதிரி, வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே தள்ளுகிற எந்திரம். கடல்நீரும் அதற்குத் துணை. கூரைகளிலும் சுவர்களிலும் சுமார் 1,400 சதுர மீட்டர் சூரிய வெந்நீர்த் தகடுகள். மின்சாரம் தரும் சோலார் பேனல் வெறும் 120 சதுர மீட்டர், பேருக்குத்தான். உண்மையான மின்சாரம் வடக்குத் துறைமுகத்தில் நிற்கும் 2 மெகாவாட் காற்றாலையிலிருந்து வருகிறது. வீட்டுக் கழிவையும் விடவில்லை. நிலத்தடிக் குழாய்களில் காற்றால் உறிஞ்சி எடுக்கிறார்கள், சமையலறைக் கழிவு எரிவாயுவாகிறது.

காற்றாலை குடியிருப்புக்குள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது குற்றமும் இல்லை. வீட்டு வாசலில் 2 மெகாவாட் காற்றாலை வைக்க முடியாது. ஆனால் 'உள்ளூர்' என்ற சொல் கொஞ்சம் நீட்டி இழுக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று, இந்த நூறு சதவீதம் வருஷக் கணக்கு. காற்று அடிக்கும் நாளில் மிச்ச மின்சாரம் நகரக் கட்டமைப்புக்குப் போகும், காற்று இல்லாத ஜனவரி இரவில் அங்கிருந்து வரும். வெப்பமும் அப்படித்தான், நகரத்தின் வெப்பக் குழாய்களோடு இணைப்பு உண்டு. வருஷக் கடைசியில் கொடுத்ததும் வாங்கியதும் சரியாக இருந்தால் நூறு. மளிகைக் கடையில் பற்று வைத்துத் தீபாவளிக்கு அடைக்கிற கணக்கு இது. தப்பில்லை. ஆனால் பற்று எழுதும் நோட்டில் செலவு எவ்வளவு ஏறுகிறது என்று யாராவது பார்க்க வேண்டும்.

செலவுப் பக்கத்தில் போ01 ஒரு எண்ணை எழுதி வைத்தது. ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 105 கிலோவாட்-மணி. நம் மின்கட்டண அட்டையில் யூனிட் என்று போடுகிறார்களே, அதேதான். வெப்பமூட்டல், வெந்நீர், பொது மின்சாரம், வீட்டு மின்சாரம் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தட்பவெப்பத்தில், 2001-இல், அது துணிச்சலான இலக்கு. காற்றாலையையும் ஹீட் பம்பையும் இந்த எண்ணை நம்பித்தான் அளவெடுத்தார்கள்.

நடந்தது வேறு. மக்கள் குடியேறிய பிறகு லுண்ட் பல்கலைக்கழக ஆய்வில் அங்கே சில கட்டடங்களை அளந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை 105-ஐத் தாண்டியிருந்தன. சில வெகுவாகவே தாண்டியிருந்தன. காரணங்களின் பட்டியலைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. வடிவமைக்கும்போது கணக்குப் போட்ட முறை, பெரிய கண்ணாடி வழியாக வரும் வெயிலின் பயனை அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கான்கிரீட் பலகணி சுவரைத் துளைத்து வெளியே நீளும் இடங்கள் வழியாக வெப்பம் கசிவதைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. குடியிருப்பவர்கள் கணக்கில் போட்டிருந்த வெப்பநிலையை விட வீட்டைக் கொஞ்சம் கூடுதல் சூடாக வைத்துக்கொண்டார்கள். குளிரில் யார்தான் வைத்துக்கொள்ள மாட்டார்கள்?

கண்ணாடி ஏன் அவ்வளவு பெரியது? நான் அங்கே போனது ஒரு அக்டோபர் மாதம். கடலோர நடைபாதையில் நின்றபோது அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. மேற்கே ஓரசுண்ட் கடல், தெளிவான நாளில் எதிர்க்கரையில் டென்மார்க், இடப்பக்கம் பாலம். அங்கே வீடு வாங்குகிறவர் வாங்குவது அந்தக் காட்சியைத்தான். கட்டுகிறவர் விற்பதும் அதைத்தான். முன்வரிசைக் கட்டடங்கள் எல்லாம் தரையிலிருந்து மேல்தளம் வரை மேற்கே பார்த்து வாயைத் திறந்து நிற்கின்றன. முன்வரிசையில் இல்லாதவையும் விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்காவின் மூர் ரூபிள் யூடெல் வடிவமைத்த 'டாங்கோ', தன் உள்முற்றத் தோட்டத்தைச் சுற்றி நடனமாடுகிற மாதிரி கண்ணாடிக் கோபுரங்களை நிறுத்தியிருக்கிறது. கூரையில் புல், சோலார் தகடு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

இப்போது இயற்பியல். அந்தக் காலத்தின் நல்ல மூன்றடுக்குக் கண்ணாடி கூட, நன்றாக மூடிய சுவரை விட ஐந்து மடங்குக்கும் மேல் வெப்பத்தை வெளியே விடும். மால்மோ வட அட்சம் 55.6 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 11 பாகைதான் ஏறும், மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மேற்கு ஜன்னலுக்கு அந்த மாதத்தில் வெயில் என்ற பேச்சே இல்லை. வெறும் இழப்பு. ஜூனில் நேர் எதிர். சூரியன் ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வரை மறையாது, மாலை முழுக்கத் தாழ்வாகக் கிடைமட்டமாக உள்ளே நுழையும். உச்சி வெயிலை மறைக்கத் தலைக்கு மேல் ஒரு பலகை நீட்டினால் போதும். கிடைமட்ட வெயிலுக்கு அது உதவாது, திரை இழுத்துத்தான் ஆக வேண்டும். திரை இழுத்தால் கடல் தெரியாது. ஆக மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி குளிர்காலத்தில் வெப்பத்தைத் தின்கிறது, கோடையில் வேண்டாத வெப்பத்தைக் கொண்டுவருகிறது. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது சூரியனின் கணக்கில் வராது. நீர்முகக் கட்டடங்களின் அடிப்படைச் சிக்கல் இதுதான், இதைத் தீர்ப்பதுதான் அங்கே கட்டடக்கலைஞரின் வேலையாக இருந்திருக்க வேண்டும். காட்சிக்கு எவ்வளவு ஜன்னல் போதும், எந்த அறைக்கு வேண்டும், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கா நிற்பவருக்கா, படுக்கையறைக்கும் முழுக் கண்ணாடி எதற்கு? இந்தக் கேள்விகளின் தடயம் சில கட்டடங்களில்தான் தென்படுகிறது. மற்றவற்றில் கேள்வியைக் கட்டடத்துக்கு வெளியே, காற்றாலை பக்கம் தள்ளிவிட்டார்கள்.

என் புகார் இதுதான். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இருக்கிறது என்ற தைரியம் வடிவமைப்பாளரின் கையைக் கட்டிப் போடவில்லை, அவிழ்த்துவிட்டது. ஊர்ப் பொதுக்கிணறு வற்றாது என்ற நம்பிக்கையில் குழாயைத் திறந்து விடுவது மாதிரி. வற்றாத கிணறு என்று ஒன்று கிடையாது. அந்த வீடுகள் கூடுதலாகத் தின்றால், கூடுதல் வெப்பம் நகரக் குழாயிலிருந்து வரும், கூடுதல் மின்சாரம் நகரக் கம்பியிலிருந்து வரும். அங்கே அதை உற்பத்தி செய்வது காற்று மட்டும் இல்லை.

சரி, போ01 தோல்வியா என்றால், இல்லை. இங்கே விளக்கப்படங்கள் இன்னொரு விதமாகவும் ஏமாற்றுகின்றன. உண்மையிலேயே வெற்றி பெற்றதை அவை காட்டுவதே இல்லை, ஏனென்றால் அது படத்தில் விழாது.

நான் போன நாளில் நடைபாதையில் காற்று ஆளைத் தள்ளியது. குடை இருந்தும் பிரயோஜனம் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்தில் நுழைந்தேன், இருபது முப்பது அடி போயிருப்பேன், காற்று நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது. சட்டைக் காலரை இறக்கிவிட்டேன். உள்ளே சின்னச் சின்ன வீடுகள், செங்கல் பாவிய சந்துகள், ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். இது தற்செயல் இல்லை. திட்டத்தின் தலைமைக் கட்டடக்கலைஞர் கிளாஸ் தாம், கடலோரத்தில் உயரமான கட்டடங்களை மதிலாக நிறுத்தி, உள்ளே தாழ்வான வீடுகளை வைத்தார். தெருக்களை நேர்கோட்டில் விடாமல், காற்றில் கோணிய மீன்வலை மாதிரி கொஞ்சம் கொஞ்சம் ஒடித்துவிட்டார். நேரான தெரு காற்றுக்குக் குழல். ஒடிந்த தெரு அதன் வேகத்தைத் தின்றுவிடும். பழைய மீனவர் ஊர்களில் பார்க்கிற புத்திதான் இது. இதற்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், பழுதாகாது. குளிரிலும் ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள்.

இரண்டாவது, அந்தக் கடற்கரை யாருடையது என்ற விஷயம். நீர்முக வீட்டுத் திட்டங்களில் நீர் பெரும்பாலும் வீட்டுக்காரர்களுக்கே சொந்தமாகிவிடும். கேட்டு, காவலாளி, தனியார் படித்துறை. இங்கே முன்வரிசைக் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது பொதுவழி. ஊரின் மறுகோடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவரும் அந்த மரப்படியில் படுத்து வெயில் காயலாம். கோடையில் கூட்டம் தாங்காது, குடியிருப்பவர்கள் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்கிற அளவுக்கு. பணக்காரர்கள் கட்டிய மதிலின் நிழலில், காற்று படாத பொதுத்தெரு. இந்தப் பண்டமாற்று எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் வீடு வாங்கியது பணக்காரர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாநகரின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் விலை எட்டாத உயரம். சுவீடிஷ் அரசு உள்ளூர் சுற்றுச்சூழல் முதலீட்டுத் திட்டத்தின் கீழ் இந்தப் பகுதிக்குச் சுமார் 250 மில்லியன் குரோனா மானியம் தந்தது. பொதுப்பணத்தில் மண்ணைச் சுத்தம் செய்து, பசுமைச் செலவில் ஒரு பங்கைத் தாங்கி, அதன்மேல் வசதியானவர்கள் கடல் பார்க்கிறார்கள் என்று உள்ளூரிலேயே எழுந்த விமர்சனத்தை லேசில் தள்ள முடியாது.

முற்றங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்லினில் இருந்து ஒரு முறையை எடுத்துக்கொண்டார்கள். மனையில் எவ்வளவு மண், எவ்வளவு செடி, எவ்வளவு நீர் என்று எடைபோட்டு ஒரு பசுமை எண், அது 0.5-க்குக் குறையக் கூடாது. கூடவே 35 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துப் பத்தையாவது செய் என்றார்கள். வீட்டுக்கு ஒரு பறவைக் கூடு, வௌவால் பெட்டி, ஐம்பது வகை நாட்டுச் செடி, சுவரெல்லாம் கொடி, இப்படி. எண்ணம் நல்லது. ஆனால் பட்டியல் கொடுத்தால் மலிவானதைத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு. ஒரு பெட்டியை ஆணியடித்து மாட்டுவது சுலபம், வௌவால் வருவது வௌவாலின் முடிவு. நம் ஊர்ப் பசுமைக் கட்டடச் சான்றிதழ்களில் புள்ளி சேர்க்கிறவர்களுக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். மழைநீர் விஷயத்தில் மட்டும் ஏமாற்ற வழியில்லாமல் செய்துவிட்டார்கள். குழாயில் மறைக்காமல் திறந்த வாய்க்கால்களில் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். அடைத்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

போ01-ஐ நான் மற்ற பல 'பசுமை' நீர்முகத் திட்டங்களை விட மதிப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அவர்கள் அளந்தார்கள், அளந்து வந்த எண் அசிங்கமாக இருந்தும் வெளியே விட்டார்கள். நீர்முகக் குடியிருப்பு விளம்பரங்களில் நாம் படிப்பது எல்லாம் கட்டுவதற்கு முன் கணினி சொன்ன எண். கட்டி முடித்து ஐந்து வருஷம் கழித்து மீட்டர் என்ன சொன்னது என்று யாரும் போடுவதில்லை. மால்மோவில் அந்தத் தோல்வியின் பலன் பக்கத்து மனையிலேயே தெரிந்தது. அடுத்த கட்டமான கொடிவீடுகள் பகுதியில் கட்டுபவர்களை முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசினார்கள், வாடகை வீடுகளுக்கு இடம் கொடுத்தார்கள். ஆற்றல் இலக்கை 120 என்று வைத்தார்கள். 105-இலிருந்து 120 என்றால் பின்வாங்கல் போலத் தோன்றும். எட்டாத 105-ஐ விட எட்டுகிற 120 சிக்கனமானது என்பது அளந்தவர்களுக்குத்தான் புரியும்.

மறுநாள் பஸ் பிடித்து ஆகுஸ்டன்போரி போனேன். கடல் இல்லை, பாலம் இல்லை, கோபுரம் இல்லை. போருக்குப் பிறகு கட்டிய மூன்று மாடிப் பொது வாடகைக் குடியிருப்பு. சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போனதால் மழை பெய்தால் நிலவறைகளில் நீர் ஏறும் என்பதுதான் அதன் பழைய பெயர். 1998 முதல், குடியிருப்பவர்களைக் கூட வைத்துக்கொண்டே, அதைத் திருத்தினார்கள். ஆறு கிலோமீட்டர் திறந்த வாய்க்கால், பத்துக் குட்டைகள், தொழிற்கூடக் கூரைகளின்மேல் செடி. இருக்கிற கட்டடத்தை இடிக்கவில்லை, யாரையும் வெளியேற்றவில்லை. 2014 ஆகஸ்ட் 31 அன்று மால்மோவில் சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டரை ஒட்டிப் பேய்மழை கொட்டியபோது நகரம் முழுக்க நிலவறைகள் மூழ்கின. ஆகுஸ்டன்போரி பக்கத்துப் பகுதிகளை விட மிகக் குறைந்த சேதத்தோடு தப்பியது.

அங்கே நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. துணி துவைக்கும் கூடம், பக்கத்தில் பாதி பாசி படிந்த வாய்க்கால், இரண்டு வாத்து. வகுப்பில் போட்டுக் காட்டினேன். "சார், இது எந்த ப்ராஜெக்ட்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆர்க்கிடெக்ட் யார் என்று அடுத்த கேள்வி. அதற்கு நான் ஒற்றைப் பெயர் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் மால்மோ படத்துக்குத் திரும்பி வந்தோம், இந்த முறை அந்த ஒரு வரிக்குக் கீழே 105 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.